ஓட்டை போட்ட வாளிகள்

நூம்பலில் மதிவதனி வீடு எது என்று கேட்டால் நாலு பேரில் மூன்று பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கொசுக்காரம்மா வீடு என்றால் தெருமுனையில் விளையாடுகிற பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. தோளில் ஒரு பை. பைக்குள் டார்ச், நீளக் கைப்பிடி வைத்த கரண்டி, கொசுப்புழு மருந்து பாட்டில், ஒரு பேனா. ஒரு நாளைக்கு அறுபது வீடு. வீட்டுக்குள் போய்த் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் பார்க்க வேண்டும். தரைத்தொட்டி, மாடித்தொட்டி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டைமாடியில் கிடக்கிற பழைய டயர் எதையும் விடக்கூடாது. புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்ல வேண்டும். கொட்ட முடியாத தொட்டி என்றால் அளந்து மருந்து ஊற்ற வேண்டும். கடைசியில், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து. கையெழுத்து இருந்தால் அந்த வாரம் பார்த்த வீடு என்று கணக்கு.

யாரும் அவளை வா என்று கூப்பிட்டதில்லை. "நேத்துதானம்மா வந்தே," என்பார்கள். நேற்று வந்திருக்க மாட்டாள். "ஊட்ல யாரும் இல்ல," என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வரும். அவளுக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

அவளுடைய தோட்டம் இந்த வேலையில்தான் முளைத்தது. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு வீட்டு மாடியில் பெயிண்ட் வாளி ஒன்று பாதித் தண்ணீரோடு கிடந்தது. மூன்று வாரம் கொட்டச் சொல்லியும் நான்காவது வாரம் அப்படியே இருந்தது. "கொட்டினா மறுபடியும் மழையில ரொம்பிடுதும்மா. நீயே எடுத்துகினு போயேன்," என்றார் வீட்டுக்காரர். எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் செல்வகுமார் ஆணியைச் சுடவைத்து அடியில் ஐந்து ஓட்டை போட்டுக் கொடுத்தான். ஓட்டை போட்ட வாளியில் தண்ணீர் நிற்காது, தண்ணீர் நிற்காவிட்டால் புழு கிடையாது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முழுசாக இருக்கிற வாளியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. செம்மண்ணும் பின் தெரு மாட்டுக் கொட்டகையில் கிடைத்த காய்ந்த சாணமும் போட்டு ஒரு கத்திரி நாற்றை நட்டாள்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று வந்தன. உடைந்த வாஷ்பேசின், மீன் கடைத் தெர்மாகோல் பெட்டி, துவைக்கிற இயந்திரத்தின் உள் டிரம், காலாவதியான ஹெல்மெட்கூட ஒன்று. எல்லாவற்றுக்கும் ஓட்டை. மூன்று வருடத்தில் மொட்டைமாடியில் ஐம்பத்தேழு ஆகியிருந்தன. கத்திரி, வெண்டை, கொத்தவரை, தக்காளி, பச்சைமிளகாய். கைப்பிடிச் சுவரோரம் கயிறு கட்டி அவரையும் பாகலும். தெர்மாகோல் பெட்டிகளில் கீரை. ஹெல்மெட்டில் புதினா.

கடை உரமோ பூச்சிமருந்தோ ஒரு சொட்டு போடவில்லை. அது பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. பகலெல்லாம் மருந்து வாசனையோடு திரிகிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் அதையே மோந்து பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சமையலறைக் கழிவெல்லாம் ஒரு மூடி போட்ட டிரம்முக்குள் போய் இரண்டு மாதத்தில் மண்ணாக வெளியே வந்தது. வெண்டையில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பாள். அதற்கும் போகாவிட்டால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வேலை முடிந்து வந்ததும் அன்றைய குழம்பு என்ன என்பதைப் படியேறிப் போய்த்தான் முடிவு செய்வாள். பறித்துப் பத்து நிமிஷத்தில் அடுப்பில் இருக்கிற வெண்டைக்காய் வழவழக்காது என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. கீரையை மண் போக ஒரு தடவை அலசினால் போதும். குப்பை வண்டிக்கு இவர்கள் வீட்டிலிருந்து வாரம் ஒரு சின்னப் பைதான் போயிற்று. மே மாதத்தில் அவர்கள் குடியிருக்கிற முதல் மாடி அறை, மேலே மண்ணும் இலையும் மூடியிருந்ததால், சாயந்திரம் மின்விசிறியோடு படுக்கிற அளவுக்குச் சூடு தணிந்தது.

எல்லாவற்றையும்விட செல்வகுமார். அம்பத்தூரில் கதவு, கிரில் செய்கிற பட்டறையில் வெல்டர் அவன். நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. காய் சாப்பிடு என்று டாக்டர் சொன்னதை அவன் ஒரு தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டான். கடைக் கொத்தவரையை ஒரு வாய் வைத்துவிட்டு, "கெரசின் வாசன வருது," என்று தட்டைத் தள்ளுவான். மாடியில் முதல் கொத்தவரை காய்த்தபோது தானே பறித்தான். தான் ஓட்டை போட்ட வாளி என்பதால் இருக்கலாம். முழுசாகச் சாப்பிட்டான். அதிலிருந்து டீக்கடை போண்டா நேரத்தில் மாடிக்குப் போக ஆரம்பித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை. இரண்டு வருடமாகக் கூட்டவும் இல்லை.

வீட்டுச் சொந்தக்காரர் கஜபதி கீழ்த்தளத்தில் இருந்தார். அவருக்குச் செடியில் குறையில்லை, சுவரில்தான் குறை. வாளி ஓட்டைகளிலிருந்து வடிகிற தண்ணீர் மொட்டைமாடி ஓரமாக இறங்கி, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் பழுப்புக் கோடு கோடாகப் போட்டது.

"மதி, ஊட்டுக்கு நாமம் போட்டா மாதிரி கீது பாரு. எதனா பண்ணு," என்றார்.

அவள் ஒவ்வொரு வாளிக்கும் அடியில் ஒரு தட்டு வைத்தாள். பழைய சாப்பாட்டுத் தட்டு, கேக் டப்பா மூடி, டிபன் மூடி என்று கிடைத்ததெல்லாம். சுவரில் கோடு நின்றது. கஜபதி அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் மறந்துபோனாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. புதன்கிழமை அவள் பார்க்க வேண்டிய அறுபது வீட்டில் கடைசி வீடு அவளுடையது. மாடிக்குத் தினமும் போகிறவள்தான். ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் தரையைத் தேடுகிற கண், தன் மாடியில் இலையையும் பூவையும் பிஞ்சையும்தான் தேடிற்று. நம்மிடம் இருப்பதெல்லாம் ஓட்டை போட்ட வாளி, இங்கே எங்கே கொசு என்பது அவளுக்குள் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். புதன்கிழமைதோறும் செருப்பைக்கூடக் கழற்றாமல், பையை ஆணியில் மாட்டுகிற கையோடு கதவுக்குப் பின்னால் இருக்கிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவாள்.

அக்டோபர் மழை விட்ட பத்தாம் நாள் எதிர் வீட்டு ஆரோக்கியம்மாளின் மகன் ரூபஸுக்குக் காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன். மூன்றாம் நாள் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வீட்டில் டெங்கு என்றால் சுற்றியிருக்கிற ஐம்பது வீட்டையும் பார்க்க வேண்டும் என்பது விதி. அப்போது, அந்தந்த ஆள் வாராவாரம் பார்க்கிற வீடுகளை வேறு ஆள் போய்ப் பார்ப்பது வழக்கம். சுகாதார ஆய்வாளர் சண்முகசுந்தரம் வந்தார். கூட ஸ்டெஃபி வந்தாள். பக்கத்துத் தெருக்களைப் பார்க்கிற பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

மதிவதனி அவர்களைத் தானே முன்னால் நடந்து மாடிக்குக் கூட்டிப் போனாள். சாருக்குக் கொடுக்கலாம் என்று காலையிலேயே அரைக்கிலோ கத்திரிக்காய் பறித்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, இத்தனையும் நீ வச்சதா!" என்றார் சண்முகசுந்தரம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

ஸ்டெஃபி குனிந்து ஒரு வாளியைச் சாய்த்து டார்ச் அடித்தாள். அடுத்த வாளிக்குப் போனாள். அதையும் சாய்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா," என்றாள். டார்ச்சை வாளிக்கடித் தட்டின் மேலேயே பிடித்திருந்தாள்.

மதிவதனி போய்ப் பார்த்தாள். கேக் டப்பா மூடியில் இரண்டு விரல் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் கமாவைப் போல வளைந்து வளைந்து அடிக்கு ஓடின. பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பார்த்திருப்பாள். ஐம்பத்தேழு தட்டில் முப்பத்தோரு தட்டில் இருந்தன.

கீழே வந்து சண்முகசுந்தரம் கதவைச் சாத்தி அட்டையைப் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழே வரைக்கும் தடவினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"பன்னெண்டு வாரம் போட்டிருக்கே. ஒரு வாரமாவது பாத்தியா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. அந்த இடத்தில் எந்தப் பொய்யும் நிற்காது என்று தெரிந்தது.

"இத அப்படியே எழுதினா நாளைக்கே உன்ன நிறுத்திடுவாங்க," என்றார். "அடுத்த வெள்ளிக்கிழமை நானே வரேன். ஒரு புழு இருந்தாலும் ஆளு விட்டு மாடியக் காலி பண்ணிடுவேன். வேலையும் கிடையாது. ரெண்டும் போயிடும், பாத்துக்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கஜபதி, "இன்னைக்கே எடுத்துட்டா நல்லதுமா. வம்பு எதுக்கு," என்றார். கத்திரிக்காய்ப் பை படியிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

அன்று சாயந்திரம் ஆரோக்கியம்மாள் மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். விஷயம் அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. மதிவதனி எதிரே போய் நின்றாள். 

"ரூபஸுக்கு எப்படிக்கா கீது?"

"ஊரு ஊடெல்லாம் டார்ச் அடிக்கிறியே மதி," என்றாள் ஆரோக்கியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க ஊட்டு மேல அடிக்க பேட்டரி இல்லியா?"

யார் வீட்டுக் கொசு யாரைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மதிவதனிக்கு அது தெரியும். அதைச் சொல்லித் தப்பிக்கிற இடம் அது இல்லை என்பதும் தெரியும். திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே எல்லாத் தட்டுகளையும் கொட்டிக் கவிழ்த்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றித் தட்டுகளைத் திரும்ப வைத்தாள். தட்டு இல்லாவிட்டால் சுவரில் கோடு, சுவரில் கோடு விழுந்தால் கஜபதி. நான்காம் நாள் திங்கட்கிழமை சாய்த்துப் பார்த்தால் எட்டுத் தட்டில் மறுபடியும் புழு. நூல் முனை போலச் சின்னதாக, புதிதாகப் பொரித்தவை.

பையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்தாள். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான். ஒரு தட்டுக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகவே போதும். ஊற்றிவிட்டால் வேலையும் தப்பும், மாடியும் தப்பும். அந்தத் தண்ணீரைத்தான் வேர் இழுக்கும் என்று கை தயங்கியது.

குறுகலான தெருவுக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம்மாள் தன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ.

"ஊத்தேன். இன்னா யோசிக்கிறே?" என்றாள். "எங்க ஊட்டு டிரம்முல ஊத்தறப்ப, ஒண்ணும் ஆவாதுக்கா, குடிச்சாலும் ஒண்ணும் ஆவாதுன்னுவியே. எங்களுக்கு ஆவாதுன்னா உன் கத்திரிக்காய்க்கு மட்டும் இன்னா ஆய்டும்?"

மதிவதனி, அளவோடு ஊற்றினால் கெடுதல் இல்லை என்று பயிற்சியில் சொன்னதை நம்பித்தான் அடுத்தவர் வீடுகளில் ஊற்றி வந்தாள், இப்போதும் நம்பினாள். தரைத்தொட்டிக்குள் இறங்கி யாரால் தேய்க்க முடியும்? அதற்கு மருந்துதான். ஆனால் ஆரோக்கியம்மாள் வீட்டில் இருப்பது டிரம். கவிழ்த்துத் தேய்த்தால் அரைமணி நேரம். மருந்து ஊற்றினால் ஒரு நிமிஷம். அறுபது வீட்டுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் தோது என்று ஊற்றியிருக்கிறாள். தன் தட்டு என்று வந்ததும் கை தயங்குகிறது. ஆரோக்கியம்மாள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

மூடியை மறுபடி திருகி மூடி, பாட்டிலைப் பைக்குள் போட்டாள்.

"ஊத்தலக்கா," என்றாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. தேய்க்கவே இல்லையே! கொசு முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் போகாது. காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். 'கொட்டினா மட்டும் போதாதும்மா, நாரு போட்டுத் தேய்ங்க' என்று வாரத்துக்கு நூறு தடவை சொல்கிறவள் அவள். தன் தட்டுகளைக் கவிழ்த்ததோடு விட்டிருந்தாள்.

செல்வகுமார் வந்தபோது அவள் தேங்காய் நாரும் மணலுமாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, கல்யாண ஊடா? இவ்ளோ தட்டு கழுவறே," என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தான். தேய்த்துக்கொண்டே கேட்டான். "இது எதுக்கு வச்சே முதல்ல?"

"ஓனர் செவுத்துக்கு."

"செவுத்துக்கு இன்னாத்துக்குத் தட்டு? தண்ணி போறதுக்கு ஒரு வழி பண்ணா பத்தாதா?"

அவன் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் பட்டறை முதலாளியிடம் கேட்டு, மிச்சம் கிடந்த இரும்புத் துண்டுகளில் சாப்பாட்டு வேளையில் நாலு நீளத் தாங்கிகள் பற்ற வைத்தான். வண்டியில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தான். வாளிகள் தாங்கியில் ஏறின. கீழே பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய். வடிகிற தண்ணீர் குழாய் வழியாகச் சரிந்து, மாடி மூலையில் மண் நிரப்பிய பெரிய தொட்டியில் விழும். அதில் சேப்பங்கிழங்கு வைத்தாள். அதற்கு எவ்வளவு தண்ணீர் வந்தாலும் தாங்கும்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டாவது குழாயின் இணைப்பில் ஒரு கரண்டி அளவு நின்றது. மதிவதனி குனிந்து டார்ச் அடித்தாள்.

"இங்க நிக்குது."

"ஒரு வாய் தண்ணிம்மே அது. அதுக்குக் கேஸ் போடுவியா?"

"ஒரு வாய் போதும். சரி பண்ணு."

"வேற ஊடா இருந்தா வுட்ருப்பே," என்றபடி ஒரு இரும்பு வாஷரைத் தாங்கியின் காலுக்கடியில் செருகினான். தண்ணீர் ஓடிற்று. வேற ஊடா இருந்தா என்று அவன் விளையாட்டாகச் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சண்முகசுந்தரம் வந்தார். அரைமணி நேரம் பார்த்தார். குழாய்களுக்குள் விரல் விட்டுத் தடவினார். உரம் ஆகிற டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். ஸ்டெஃபி ஒவ்வொரு வாளியையும் சாய்த்தாள். கஜபதி கீழே நின்று தன் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது காய்ந்திருந்தது.

"அந்தத் தட்டெல்லாம் எங்கம்மா? எங்கேயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

மதிவதனி ஓரத்தைக் காட்டினாள். தட்டுகள் வரிசையாக மண்ணோடு இருந்தன. தக்காளி நாற்று விட்டிருந்தாள். "எல்லாத்துக்கும் ஓட்டை போட்டாச்சு சார்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். கீழே வந்து பேனாவை நீட்டினார். "போடு கையெழுத்த."

"ஸ்டெஃபி போடட்டும் சார். இனிமே எங்க வீட்ட அவ பாக்கட்டும். அவ வீட்ட நான் பாக்கறேன்."

அவர் பேனாவை ஸ்டெஃபி பக்கம் திருப்பினார்.

ரூபஸ் அதற்கு இரண்டு நாளைக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தான். இளைத்து, வாசல் நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த புதன்கிழமை மதிவதனி பையோடு போனபோது ஆரோக்கியம்மாள் கதவை விட்டு நகரவில்லை.

"மருந்து ஊத்தறதா இருந்தா உள்ள வராத."

"ஊத்தலக்கா. தேங்கா நாரு கீதா?"

இரண்டு பேருமாக டிரம்மைக் கவிழ்த்தார்கள். மதிவதனி புடவையைச் சொருகிக்கொண்டு தலையை உள்ளே விட்டுத் தேய்த்தாள். ஆரோக்கியம்மாள் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அன்றைக்கு அறுபது வீடு முடியவில்லை, நாற்பத்திரண்டுதான். அதற்கு அப்புறமும் அவளுக்கு அறுபது முடியவே இல்லை. வாரக் கூட்டத்தில் சண்முகசுந்தரம் அதற்காகத் திட்டுவார். வாங்கிக்கொள்வாள்.

டிரம் நிமிர்ந்ததும் ஆரோக்கியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உன் மாடிய நானே பாக்கணும்."

"வாக்கா."

சாயந்திரம் சொந்த டார்ச்சோடு வந்தாள். செல்வகுமார் காட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, முதல் வாளியிலிருந்து ஐம்பத்தேழாவது வரைக்கும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். குழாய் முழுக்க வெளிச்சம் அடித்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு யாரையும் கேட்காமல் தெர்மாகோல் பெட்டியிலிருந்து முளைக்கீரையைக் கைநிறையப் பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளைக்கு வாய் கசக்குதாம். கடஞ்சி குடுத்தா ரெண்டு வாய் துண்ணுவான்," என்றாள். படியில் இறங்கப் போனவள் திரும்பினாள். "அடுத்த வாரமும் வருவேன். சும்மா வுட்ருவேன்னு நெனைக்காத."

"வாக்கா," என்றாள் மதிவதனி. "பேட்டரி மட்டும் புதுசு போட்டுகினு வா. இது மங்கலா எரியுது."

ஆரோக்கியம்மாள் டார்ச்சைத் திருப்பி அவள் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.